காதால் வாசித்த கண்டக்டர்

கேரள எல்லைக்குள், பாறசாலைக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் ரப்பர் தோட்டச் சரிவில் ஒரு தமிழ் சபை இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிக்கிறவர் சத்தியதாஸ். கேட்கவேண்டிய குரல் ஐயா அது! அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து விதுரா வழியாகப் பொன்முடி போகிற வண்டியில், வளைவுக்கு வளைவு ஜன்னலோரம் வாந்தியெடுக்கிற கூட்டத்துக்கு மேலாகக் கத்திக் கத்தியே பழுத்த தொண்டை. மைக் இல்லாவிட்டாலும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேட்கும். அதைவிடப் பெரிய விசேஷம், மனிதர் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. புத்தகம் விரிந்திருக்கும், விரல் வரிமேல் இருக்கும், கண் மட்டும் கூரையில் இருக்கும். "என்னா ஒரு பக்தி!" என்று பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் உருகிப்போவார்கள்.

பக்தியாவது மண்ணாவது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டில் தமிழ் பேசும், தமிழில் ஜெபிக்கும், தமிழில் சண்டை போடும். பள்ளிக்கூடம் மட்டும் மலையாளம். ரேஷன் கார்டு மலையாளம், பஸ் போர்டு மலையாளம், கரண்ட் பில் மலையாளம். பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் பாட்டுப் புத்தகத்தை ஒரு மரியாதைக்காகக் கையில் பிடித்திருப்பார்கள். யார் உண்மையாகவே வாசிக்கிறார், யார் சும்மா பிடித்திருக்கிறார் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்களே!

சத்தியதாஸ் மாட்டிக்கொண்ட விதம் இப்படி. அவர் மனைவி ராஜபாய் தமிழ்நாட்டுக் குழித்துறைக்காரி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தினமும் சாயங்கால ஜெபத்தில் ஒரு அதிகாரம் சத்தமாக வாசிப்பாள். இவர் கண்ணை மூடிக் கேட்பார். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாகப் பாடம் வாசிக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட, அப்போதிருந்த பாஸ்டர் சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கண்டக்டர் சாரே, வாரும்" என்று கையைக் காட்டிவிட்டார். தப்பிக்க வழியில்லை. ஆனால் அன்றைக்கு வந்த அதிகாரம் ராஜபாய் அடிக்கடி வாசிக்கிற அதிகாரம். புத்தகத்தை விரித்தார், கூரையைப் பார்த்தார், ஒப்பித்துவிட்டார்.

அன்றைக்கே, "எனக்கு வாசிக்கத் தெரியாது பாஸ்டரே, இது மனப்பாடம்" என்று சொல்லியிருந்தால் போயிருக்கும். வெளியே வந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். வாரம் முழுக்கச் சில்லறைக்காக ஏச்சு வாங்குகிற மனிதர். அந்தக் குலுக்கல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதை விட யாருக்கு மனசு வரும்?

அதற்கப்புறம் பாடம் வாசிப்பது அவர் வேலையே ஆயிற்று. சனிக்கிழமைதோறும் ராஜபாய் தேங்காய் துருவிக்கொண்டே வாசிப்பாள், இவர் திருப்பிச் சொல்லிச் சொல்லி நெட்டுரு போடுவார். அவள் எங்கே நிறுத்துவாளோ அங்கே நிறுத்துவார். அவள் எங்கே மூச்சு விடுவாளோ அங்கே மூச்சு விடுவார். வாயில் நுழையாத ராஜாக்களின் பெயர்கள் வரிசையாக வருகிற அதிகாரம் வந்தால் வீடு ரணகளமாகும். "இஞ்ச பாருங்க, இதுக்கு நாலு எழுத்து படிச்சா தொல்லை தீருமே. நான் சொல்லித் தாறேன்" என்பாள் அவள். "பொண்டாட்டிகிட்ட அ, ஆ படிக்கவா? போடீ" என்பார் இவர். சபையில் பெயர் ஏற ஏற அந்த வெட்கமும் ஏறிக்கொண்டே போனது.

பிறகு ஃபோன் வந்தது. வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் மகள் சிஜி, லீவுக்கு வந்தபோது ஒரு ஸ்மார்ட்ஃபோனும் காதுக்குள் ஒளிந்துகொள்கிற கம்பியில்லாத சின்ன இயர்ஃபோனும் கொண்டுவந்தாள். அந்த ஃபோனில் வேதத்தைத் தமிழில் வாசித்துக் கேட்பிக்கிற ஆப் ஒன்று இருந்தது. கம்பீரமான ஆண் குரல், பின்னணியில் வயலின் வேறு. சத்தியதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டு, இயர்ஃபோனை இடது காதில் செருகி, அந்தக் குரலுக்கு அரை வாக்கியம் பின்னால் அதையே சொன்னால் போதும். கேட்பதற்காக அவர் நிறுத்துகிற இடங்களை, சபை தியானம் என்று எடுத்துக்கொண்டது. "இத்தனை வருஷம் பஸ் எஞ்சின் பக்கம் நின்னு காது போயிட்டுது, மகள் மெஷின் வாங்கித் தந்தா" என்று ஒரு பொய்யையும் சேர்த்து விட்டார். காது கேட்காமலேயே இவ்வளவு அழகாக வாசிக்கிறாரே என்று மதிப்பு இன்னும் கூடிற்று. ராஜபாய்க்கு மட்டும் சனிக்கிழமை வேலை போனதில் சந்தோஷமும் இல்லை, சமாதானமும் இல்லை. "எனக்க வாய்க்குப் பதிலா ஒரு பெட்டியாக்கும்!" என்று தேங்காய்த் துருவியை டங்கென்று வைத்தாள்.

இப்படியே போயிருந்தால் மனிதர் மரியாதையோடு கண்ணை மூடியிருப்பார். வாய் சும்மா இருக்கவில்லையே!

சபைப் பொதுக்கூட்டத்தில் இளம் தம்பதிகள் சிலர் எழுந்து, "பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியல்ல. ஆராதனையை மலையாளத்துக்கு மாத்தியாலென்ன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சத்தியதாஸுக்கு ஆராதனை மலையாளத்துக்குப் போனால் தன் இடமும் போகும் என்று தெரியும். துள்ளி எழுந்தார். "தாய்மொழி எழுத்து தெரியாத தலைமுறைய வளத்துட்டு எந்த முகத்தோட கல்லறைக்குப் போவோம்?" என்று பொன்முடி வளைவு முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டார். கூட்டம் கைதட்டிற்று. ஒன்றிரண்டு அம்மாமார் அழுதுகூட விட்டார்கள். ராஜபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சபைச் செயலாளர் ரெனி எழுந்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளன். புதுசாக எது வந்தாலும் முதல் ஆளாகக் கொண்டாடுகிறவன். "சத்தியதாஸ் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அப்ப பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க அண்ணனே படிப்பிக்கட்டும். இப்ப பிள்ளைங்க எல்லாம் வீட்டில இருக்கிற காலம். ஆன்லைன்ல வெச்சிரலாம்" என்றான். கொரோனா நோய்க்காலம் அப்போது முழுசாகத் தணியவில்லை, பள்ளிக்கூடம் எல்லாம் ஃபோனுக்குள் நடந்துகொண்டிருந்தது. தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறிற்று. சபைச் செலவில் டேப்லெட் ஒன்றும் வாங்கிக் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து டேப்பை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தொலைந்தோம் என்று தோன்றிற்று. வாசிக்கத் தெரியாத வாத்தியார் என்று தெரிந்தால் பாடம் வாசிக்கிற இடம் போகும், இத்தனை வருஷத்துப் பெயர் போகும், ரோட்டில் தலைகாட்ட முடியாது.

"ராஜபாயே, கேமராவுக்கு வெளிய உக்காந்து மெதுவா சொல்லித் தா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மாட்டேன். உங்களுக்கு வாசிச்சுத் தந்தது எனக்கு இஷ்டம். பிள்ளைகளை ஏமாத்த நான் வரமாட்டேன். அ, ஆ படியுங்க. இப்பவும் சொல்லித் தாறேன்."

"வகுப்பு நாளைக்கு ஆக்கும்!"

"அப்ப நாளைக்கு ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

ஜெபம் கேட்கப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும். குழந்தைகள் தமிழ் எழுத்துப் படிக்கிற ஆப் ஒன்று டேப்பிலேயே கிடைத்தது. எழுத்தை விரலால் இழுத்தால் அதுவே 'அ' என்று சொல்லும். ஒரு யானை வந்து தும்பிக்கையை ஆட்டும். சத்தியதாஸ் திரையைப் பகிர்ந்தார். யானை பாடம் நடத்திற்று. கண்டக்டர் வேலையை மட்டும் இவர் பார்த்தார். "விஜின், மைக்க ஆஃப் பண்ணு. பினு, வீடியோ ஆன் பண்ணு, உறங்குதியா? பின்னால இருக்கவன் முன்னுக்கு வா." ஃபோனுக்குள் பின்னாலாவது முன்னாலாவது! ஆனாலும் பிள்ளைகளுக்குக் குஷியாக இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஆர்ஷா என்ற பெண்தான் முதலில் அடிமடியில் கை வைத்தாள்.

"அங்கிளே, மலையாளத்தில நாலு 'க' உண்டல்லோ. தமிழில ஒண்ணுதான். எப்ப எப்படி வாசிக்கணும்?"

சத்தியதாஸுக்கு வியர்த்துவிட்டது. அவருக்கும் அதே சந்தேகம்தான், அதைவிடப் பெரிய சந்தேகம். தொண்டையைக் கனைத்தார். "நானே சொன்னா நீ எப்பப் படிக்கது? எல்லாரும் வீட்டில தமிழ் பேசுதோமே. சொல்லிப் பாரு, வாய் என்ன சொல்லுதுன்னு கேளு. யாருக்குத் தெரியும்? கை தூக்கு!"

பிள்ளைகள் முட்டி மோதின. காக்கா, தங்கம், பகல் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒருவழியாக அவர்களே கண்டுபிடித்தார்கள். "வெரி குட்" என்றார் சத்தியதாஸ், மனசார. அவருக்கும் அது புதுச் செய்தி.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. எதைக் கேட்டாலும் பதில் சொல்லமாட்டார். கேட்ட பிள்ளையையே கேட்பார், அதுவும் முழித்தால் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பார். ஒருநாள் ரெனி வகுப்பில் சத்தம் காட்டாமல் நுழைந்து கடைசி வரைக்கும் இருந்துவிட்டு, முடிந்ததும் ஃபோனில் கூப்பிட்டான். போச்சுடா என்று நினைத்துக்கொண்டே எடுத்தார்.

"அண்ணே! அண்ணன் ஒரு பதிலாவது சொன்னீங்களா? இல்ல! பூரா பிள்ளைங்களே கண்டுபிடிக்குது! இதைத்தானே நாங்க காலேஜ்ல வருஷம் பூரா ஸ்லைடு போட்டுக் காட்டுதோம், ஒரு வாத்தியாராவது செய்வானா? வாயை அடக்க முடியாதே அவனுகளுக்கு! எங்கிருந்து அண்ணே படிச்சீங்க?"

"பஸ்ஸில" என்றார் சத்தியதாஸ், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

ரெனி அதையும் ஒரு ஸ்லைடாகப் போட்டுவிட்டான். நோய்க்காலம் தணிந்ததும் தம்பானூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் பல சபைகளின் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைக் கூட்டி, 'கைப்பேசி வழிக் கற்றல்' என்று தமிழில் பேனர் கட்டி, நம்மவரை மேடையில் ஏற்றினான். அந்த பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று சத்தியதாஸுக்குத் தெரியாது. தன் படத்தை வைத்து ஏதோ நல்லதாகத்தான் இருக்கும் என்று ஊகித்தார். யாராவது எழுந்து கேள்வி கேட்டால், "நல்ல கேள்வி. பக்கத்தில இருக்கவங்க என்ன நினைக்கீங்க?" என்றார். ஹால் முழுக்கப் பேசித் தீர்த்தது. பொன்னாடை போர்த்தினார்கள். பிரியாணியும் நன்றாக இருந்தது.

கொடுமை என்னவென்றால், பிள்ளைகள் உண்மையாகவே படித்துவிட்டன. ஆர்ஷா பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். விஜின் ரோட்டோரம் குழித்துறைக்காரர்கள் ஒட்டிய கல்யாண போஸ்டரைக்கூட விடவில்லை. வாத்தியார் மட்டும் யானையைத் தாண்டவில்லை. வகுப்பு முழுக்க மைக்கை அணைப்பதும் திறப்பதுமாக இருந்தவருக்கு எழுத்தைப் பார்க்க நேரம் ஏது? தனியாக உட்கார்ந்து படிக்கலாம் என்றால், அவர் விரலை இழுத்து 'அ' போடும்போது ராஜபாய் அந்தப் பக்கமாகப் போவாள். உடனே டேப்பைக் கவிழ்த்துவிடுவார்.

வகுப்பு சபை ஹாலுக்கு மாறிற்று. கூட்டம் கூடியதால் டேப் சத்தம் போதவில்லை என்று கம்பியில்லாத ஸ்பீக்கர் ஒன்று வாங்கினார்கள். ரெனி அதை டேப்போடும் சத்தியதாஸின் ஃபோனோடும் இணைத்துக் கொடுத்தான். "இனிமே ஸ்பீக்கர ஆன் பண்ணினா போதும் அண்ணே, ஃபோன் தானாப் போய்ப் பிடிச்சுக்கிடும்" என்றான். சத்தியதாஸ் தலையாட்டினார். அவர் தலையாட்டுகிற விஷயம் பாதி அவருக்கு விளங்கியதில்லை.

குழந்தைகள் ஞாயிறு வந்தது. சபை நிறைந்து வாசல் வரைக்கும் ஆள். முதல் பாடத்தை ஆர்ஷா வாசித்தாள். வரிமேல் கண் வைத்து, நிதானமாக, ஒரு பிசிறில்லாமல் வாசித்தாள். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை என்று சத்தியதாஸுக்குப் பெருமையாக இருந்தது. நான் எதைச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்தால் அழுகை வந்தது. இரண்டாம் பாடத்துக்கு இவர் போனார். சட்டைப் பைக்குள் ஃபோனை அமுக்கிவிட்டு, புத்தகத்தை விரித்து, கூரையைப் பார்த்தார். காதில் குரல் ஆரம்பித்தது. நாலைந்து வரி சுகமாகப் போயிற்று.

அடுத்து பிள்ளைகள் பாட்டு. அதற்காக ஹாலிலிருந்து அந்த ஸ்பீக்கரைத் தூக்கிவந்து பீடத்தின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இவர் வாசித்து முடிக்குமுன்பே ஒரு பிள்ளை போய் அதை ஆன் செய்தது. ஃபோன் தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது.

காது கப்சிப். கம்பீரக் குரலும் வயலினும் சபை முழுக்க முழங்கின.

சத்தியதாஸ் என்ன செய்திருக்கவேண்டும்? வாயை மூடியிருக்கவேண்டும். இத்தனை வருஷத்துப் பழக்கம் விடுமா! ஸ்பீக்கர் ஒரு வாக்கியம் சொல்லிற்று, அரை வாக்கியம் பின்னால் இவரும் அதையே சொன்னார். எல்லோர் முன்னாலும், பட்டப்பகலில், கையும் களவுமாக.

சபை திருதிருவென்று விழித்தது. ஆனால் அது பாஸ்டர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பழகிய சபை. ஒரு குரல் சொல்லி நிறுத்தினால் வாய் தானாகத் திறந்துவிடும். முதலில் பிள்ளைகள் திறந்தன, அப்புறம் அம்மாமார், அப்புறம் ஆண்கள் பக்கம். அதிகாரம் முடிகிறவரைக்கும் ஸ்பீக்கர் முன்னால் போக, கண்டக்டரும் சபையும் பின்னால் போனார்கள். வயலின் நின்றதும் ரெனி எழுந்து நின்று கைதட்டினான். பாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டக்டர் சாரே, அருமை! டெக்னாலஜியை வெச்சு சபையையே வாசிக்க வெச்சிட்டீரே!"

அப்போது சத்தியதாஸ் பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜபாய் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குக் கண் நிறைந்திருந்தது, கோபமா வெட்கமா தெரியவில்லை. அதைப் பார்த்ததும் இவருக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. மைக்கைப் பிடித்தார்.

"பாஸ்டரே, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. இத்தனை வருஷமும் கேட்டுச் சொன்னதுதான்."

பாஸ்டர் மெதுவாக எழுந்து வந்தார். சத்தியதாஸின் தோளில் கை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கேட்டீங்களா பிரியமானவர்களே! பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்தறிவிச்ச மனுஷன் சொல்லுது, எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னு! இதல்லவோ தாழ்மை! கேட்டதை மட்டும் சொல்லுகிறேன்னு சொல்ல நமக்கு மனசு வருமா?" என்று தொடங்கி, தயாரித்து வந்த பிரசங்கத்தை மடித்து வைத்துவிட்டு, அதைப் பற்றியே முக்கால் மணிநேரம் பேசினார். சத்தியதாஸ் நடுவில் ரெண்டு தரம், "இல்ல பாஸ்டரே, மெய்யாட்டும் சொல்லுதேன்..." என்று எழுந்தார். எழுந்த ஒவ்வொரு தரமும் தாழ்மை கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் இனி முடியாதென்று உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நின்றார். இனிமேல் பாடம் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இளைஞர்களுக்கு வழிவிடுகிறார் என்று அதற்கும் ஒரு பாராட்டு வந்தது.

அடுத்த ஞாயிறு பாடம் வாசிக்க ஆள் தேடினார்கள். பிள்ளைகள் வாசிக்கலாம் என்றால் அது பெரியவர்களுக்குக் குறைச்சலாம். பாஸ்டர் முன்பெஞ்சில் இருந்த ஷாஜியைக் கூப்பிட்டார். ஷாஜிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆண்கள் சங்கத் தலைவர் மஹேஷுக்கு நின்றால் பிரஷர் ஏறும். ரெனி கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன் என்றான், கண்ணாடி அவன் மூக்கிலேயே இருந்தது. சத்தியதாஸ் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த வியர்வை அவருக்குத் தெரியும். அந்தக் கனைப்பும் தெரியும். அட பாவிகளா, நீங்களுமா! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதோடு ஒரு துக்கமும் வந்தது. இத்தனை பேருக்கு நடுவில் தனியாகப் பயந்து செத்திருக்கிறோமே என்று நினைத்தார்.

பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்தார்கள். ராஜபாய். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட யாருக்கும் தோன்றியதே இல்லை, கட்டிய புருஷன் உட்பட. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டு, நேராகப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, வாசித்தாள். கூரையைப் பார்க்கவில்லை. சத்தியதாஸ் சாயங்கால ஜெபத்தில் போலக் கண்ணை மூடினார். அவருடைய குரலென்று சபை நினைத்திருந்ததெல்லாம் அங்கே நின்று வாசித்தது.

முடிந்து வெளியே வந்ததும் ரெனி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அண்ணே! பிள்ளைகளுக்கு மட்டுமில்ல, வீட்டிலயும் படிப்பிச்சு வெச்சிருக்கீங்களே! அக்கா அப்படியே உங்களை மாதிரியே வாசிக்காங்க. அந்த நிறுத்தம், அந்த மூச்சு, அச்சு அசல் நீங்கதான்!"

"டேய், அவ என்னை மாதிரி வாசிக்கலடா. நான்தான் அவளை மாதிரி..."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இந்தத் தாழ்மைதான் அண்ணே!" ரெனி முதுகில் தட்டிவிட்டுப் போனான். பின்னால் வந்த நாலு பேரும் அவர் கையையே குலுக்கினார்கள். பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ராஜபாயை யாரும் பார்க்கவில்லை.

சரிவில் ஏறி வீட்டுக்குப் போகிற வழியில், வளைவு திரும்பியதும் அவர் கேட்டே விட்டார்.

"ராஜபாயே, நாளைலேருந்து எனக்கு அ, ஆ சொல்லித் தாறியா?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"ஃபோன் இருக்கில்லா, அதுகிட்ட படியுங்க. எனக்கு அடுத்த வாரத்துப் பாடம் பாக்கணும்" என்றாள்.

சத்தியதாஸ் அவள் பின்னால் நடந்தார்.